சாலை தர்மமல்ல, மக்கள் சொத்து!



கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குச் சைக்கிளில் ஷிப்டுக்குப் போகும் ஆலைத் தொழிலாளிக்கும், நாற்று நடப் போகும் விவசாயத் தொழிலாளிக்கும் வழி ஒன்றுதான். சரக்கு லாரிகள் அந்த வழியைப் பள்ளமாக்குகின்றன. மழைக்காலத்தில் பிச்சாட்டூர் அணையைத் திறந்துவிட்டால் ஆரணியாறு பெருகித் தரைப்பாலங்கள் முழுகுகின்றன. போவது நமது ஒரு நாள் கூலி.

இதற்குச் சிலர் ஒரு மருந்து சொல்கிறார்கள். பணமுள்ளவர் சாலைக்கும் பாலத்துக்கும் நன்கொடை தரட்டும். சர்க்கார் வரியில் சலுகை காட்டட்டும் என்கிறார்கள். கேட்க இனிக்கிறது. கணக்குப் பார்ப்போம்.

1961-ஆம் வருஷத்திய வருமான வரிச் சட்டத்தின் 80ஜி பிரிவு, ஸ்தல ஸ்தாபனங்களுக்குத் தர்ம காரியத்துக்காகக் கொடுத்த நன்கொடையில் பாதியை, ஒரு வரம்புக்குள், வருமானத்திலிருந்து கழிக்க இடம் தந்தது. 30 சத வரி கட்டுகிறவர் 100 ரூபாய் கொடுத்தால் 15 ரூபாய் வரி மிச்சம். அந்த 15 ரூபாய் கஜானாவுக்கு வர வேண்டிய பணம். அதாவது நம்முடைய பணம். கல்வெட்டிலோ 100 ரூபாய்க்கும் அவர் பெயர்! வருமான வரி கட்டுமளவுக்குச் சம்பளமில்லாத தொழிலாளி அதே 100 ரூபாயைக் கொடுத்தால் ஒரு காசும் திரும்பாது.

மீதி 85 ரூபாய் அவருடையதுதானே என்று கேட்கலாம். ஆம். ஆனால் எந்தச் சாலை முதலில் என்று தீர்மானிப்பது யார்? கொடுப்பவர் தன் ஆலை வாசலுக்கு வரும் சாலையைத்தான் கேட்பார். ஆற்றுக்கு அப்பாலுள்ள காலனியின் தரைப்பாலத்துக்குக் கொடுப்பவர் யார்? தமிழ்நாட்டில் 2021-இல் மீண்டும் வந்த ‘நமக்கு நாமே’ திட்டத்தைப் பாருங்கள். பொதுவாக மூன்றில் ஒரு பங்கை மக்கள் திரட்டினால் மீதியைச் சர்க்கார் போடும் என்பது அதன் ஏற்பாடு. பணமுள்ள இடம் பொதுப்பணத்தையும் இழுத்துக்கொள்ளும். இல்லாத ஊர் பார்த்துக்கொண்டிருக்கும்!

நாம் கொடுக்காதவர்களா? 2018 மத்திய பட்ஜெட் பெட்ரோல், டீசல் லிட்டருக்கு 8 ரூபாய் சாலை, உள்கட்டமைப்பு செஸ் போட்டது. செஸ் பணத்தை மாநிலங்களோடு பங்கிட வேண்டியதில்லை. மறு வருஷமே, 2019-இல், கம்பெனிகளுக்கு 22 சத வரி என்ற வழியைத் திறந்தார்கள். அந்தச் சலுகைகளால் ஆண்டுக்கு 1,45,000 கோடி ரூபாய் வருமானம் குறையும் என்று சர்க்காரே சொன்னது. வரியை விட்டுக்கொடுத்துவிட்டு நன்கொடைக்குக் கையேந்துவது என்ன நியாயம்?

முதலாளி கொடுக்க முன்வந்தால் நாம் தடுக்கவில்லை. ஆனால் பணம் நிபந்தனையின்றி ஊராட்சிக் கணக்குக்கு வரட்டும். எந்தப் பாதை முதலில் என்று கிராம சபை சொல்லட்டும். செஸ் பணத்தில் மாநிலத்துக்கும் ஊராட்சிக்கும் பங்கு கிடைக்கட்டும்.

தோழர்களே! ஆலைச் சங்கமும் விவசாயத் தொழிலாளர் சங்கமும் சேர்ந்து ஊர் ஊராக உடைந்த சாலைகளையும் முழுகும் பாலங்களையும் ஜாபிதா எடுப்போம். மே தினத்தன்று கூடும் கிராம சபையில் அதைத் தீர்மானமாக வைப்போம். நாம் கேட்பது தர்மமல்ல, கொடுத்த வரிக்குக் கணக்கு!