முதலில் மூடித் திறந்து பாருங்கள்

(மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)



நான் பகலில் வங்கிக் கவுண்டரில் நோட்டு எண்ணுகிறவன், ராத்திரியில் கவிதை எழுதுகிறவன். இசை படித்தவனில்லை. இருந்தும், 'ரீமிக்ஸ் பண்ண எந்த சாஃப்ட்வேர் அண்ணே நல்லது?' என்று உங்களில் பலர் என்னைக் கேட்கிறீர்கள். பெரிய ஸ்டூடியோக்காரன் வைத்திருப்பதுதான் நல்லது என்கிற நினைப்பு அந்தக் கேள்விக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறது. அதை முதலில் எழுப்பி வெளியே அனுப்புவோம்.

ரீமிக்ஸின் பெரிய வேர் ஒன்று ஜமைக்காவில் இருக்கிறது. கிங்ஸ்டன் நகரத்து ஏழைக் குடியிருப்பில் ரேடியோ பழுதுபார்த்தவர் ஆஸ்போர்ன் ரட்டக். கிங் டப்பி என்றால்தான் உலகத்துக்குத் தெரியும். 1970களில், ஒரு ஸ்டூடியோ கழித்துவிட்ட நாலு டிராக் மிக்ஸரைத் தன் வீட்டில் வைத்துக்கொண்டு, பதிவான பாட்டிலிருந்து குரலை உருவினார். டிரம்மையும் பேஸையும் மட்டும் நிறுத்தினார். போன குரலை எதிரொலியாகத் திரும்பக் கூப்பிட்டார். 'டப்' இசை அப்படி வளர்ந்தது. நாலே டிராக்! நம்ம பழைய லேப்டாப் அதைவிட எவ்வளவோ மேல்.

ஆக, புதுசா வர்றவருக்கு வேண்டியது வெட்டுவது, அடுக்குவது, சுருதி மாறாமல் வேகத்தை மாற்றுவது, எதிரொலி சேர்ப்பது. இவ்வளவுதான். 2000இல் வெளிவந்த ஆடாசிட்டி இதையெல்லாம் செய்யும். காசு கிடையாது, விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். தாளக்கட்டுக்குக் கோடு போட்டுக் காட்டும் வசதி அதில் 2023இல்தான் வந்தது, அதனால் புதிய பதிப்பையே இறக்குங்கள். கம்ப்யூட்டரே இல்லாதவர் செல்போனில் பேண்ட்லேப் போடலாம். அதுவும் இலவசம், ஆனால் நெட் வேண்டும். கராஜ்பேண்ட் எளிமையானது, ஆனால் ஆப்பிள் கருவி வைத்திருப்பவருக்கு மட்டும். எல்எம்எம்எஸ் தாளம் கட்ட நல்லது, பாட்டை நறுக்கச் சரிப்படாது.

இனி நான் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் தெரு ஆயா ஒருத்தர் பாடிய நடவுப் பாட்டை செல்போனில் பதிந்தேன். பையன்கள் அடித்த பறையைச் சேர்த்து மூணு ராத்திரி வேலை. ஒரு மென்பொருளின் சோதனைப் பதிப்பில்தான் செய்தேன். சேமித்தேன், மூடினேன். மறுநாள் திறந்தால், பணம் கட்டினால்தான் காட்டுவேன் என்கிறது. நகைக்கடன் வாங்கினவர்கள் கம்பிக்கு வெளியே நின்று தங்கள் நகையைப் பார்ப்பதை நான் தினமும் பார்க்கிறவன். அன்றைக்குக் கம்பிக்கு வெளியே நான்.

அதனால், எந்த மென்பொருளானாலும் முதல் நாளே பத்து விநாடிக்கு எதையாவது பதிந்து, சேமித்து, மூடி, மறுபடி திறந்து பாருங்கள். திறந்தால் வைத்துக்கொள்ளுங்கள். மூலப் பதிவைத் தொடாமல் தனியே ஒரு பிரதி வையுங்கள். முடித்ததை வேவ் கோப்பாக எடுங்கள். எம்பி3 ஆகத் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒலி தேய்ந்துபோகும்.

இன்னொன்று. 1969இல் தி வின்ஸ்டன்ஸ் குழு வெளியிட்ட 'ஆமென், பிரதர்' பாட்டில் ஏழு விநாடி டிரம் வரும். வாசித்தவர் கிரிகரி கோல்மன், கறுப்பினக் கலைஞர். அந்த ஏழு விநாடியை வெட்டி எடுத்து ஆயிரக்கணக்கான பாட்டுகளில் ஒட்டினார்கள். அவர் 2006இல் வறுமையில் செத்தார். அந்த வாசிப்புக்காக ஒரு காசு உரிமைத் தொகை அவருக்குப் போகவில்லை. கத்தரிக்கோல் இப்போது நம் கையிலும் இருக்கிறது. நாம் வெட்டுகிற குரல் யாருடையது? அவர் சம்மதம் கேட்டோமா, பேர் போட்டோமா?

நான் ஆடாசிட்டியில் முதலிலிருந்து மறுபடி செய்து ஆயாவிடம் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டது. 'பறை நல்லாக்கீது. ஆனா நான் மூச்சு வுட்ற எடத்தயெல்லாம் வெட்டிட்டியேடா, நான் இன்னா மிஷினா?' என்றது.

சத்தம் சுத்தமாக இருக்கட்டும் என்று நான்தான் வெட்டியிருந்தேன். வீட்டுக்கு வந்து கோப்பைத் திறந்தேன். திறந்தது. மூலப் பதிவிலிருந்து மூச்சுகளை எடுத்து ஒவ்வொன்றாக ஒட்டினேன். கால் மணி நேரம் ஆயிற்று.