கம்பியில் போகும் சைகை



கர்நாடகத்தில், பெலகாவி மாவட்டத்தில், கித்தூர் என்று ஓர் ஊர் இருக்கிறது. வெள்ளையரை எதிர்த்துப் போரிட்ட ராணி சென்னம்மாவின் ஊர் அது. 1986-ல் அங்கே ஒரு சிறு தொலைபேசி நிலையம் வந்தது. அதைச் செய்தவர்கள் நம் நாட்டு எஞ்சினியர்களே. 1984-ல் தொடங்கிய சி-டாட் என்ற அரசு நிறுவனம் அதை உருவாக்கியது. அதில் 128 முனைகள் இருந்தன. குளிர்சாதன அறை தேவை இல்லை. வெயிலையும் தூசியையும் தாங்கியது. பிறகு இதே போன்ற நிலையங்கள் பல ஆயிரம் கிராமங்களுக்குப் போயின.

நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருபவை இரண்டு செம்புக் கம்பிகள். அவற்றில் பேச்சு மட்டும் போவதில்லை. பேச்சுக்கு முன்னால் சைகைகள் போகின்றன.

ஊரில் ஒரு தாய் இருக்கிறாள். மகன் நகரத்தில் வேலை செய்கிறான். அவள் ரிசீவரை எடுக்கிறாள். உடனே கம்பியில் மின்சாரம் ஓடுகிறது. 48 வோல்ட்தான். இது நிலையத்து பாட்டரியிலிருந்து வருகிறது. அதனால்தான் வீட்டில் கரண்ட் போனாலும் இந்தத் தொலைபேசி பேசும்.

மின்சாரம் ஓடுவதை நிலையம் கவனிக்கிறது. "இந்த வீட்டார் பேச விரும்புகிறார்" என்று அதற்குத் தெரிகிறது. "நம்பரைச் சுற்றலாம்" என்று பதில் சொல்கிறது. காதில் கேட்கும் "ங்" என்ற நீண்ட ஒலிதான் அந்தப் பதில்.

பழைய வட்டத் தொலைபேசியில் 5-ஐச் சுற்றினால் மின்சாரம் ஐந்து முறை விட்டு விட்டு வரும். பூஜ்யத்துக்குப் பத்து முறை. நிலையம் அதை எண்ணிக்கொள்ளும். பொத்தான் தொலைபேசியில் ஒவ்வோர் எண்ணுக்கும் இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும்.

சின்ன ஊர்களில், பெரிய நிலையத்தின் கிளை போல ஒரு கருவியை மட்டும் வைப்பதும் உண்டு. அந்தக் கருவி கம்பியின் சைகைகளை இலக்கங்களாக மாற்றிப் பெரிய நிலையத்துக்கு அனுப்பும். ஒரே இணைப்பில் 30 பேச்சுகள் போகும். சைகைகளுக்கென்று தனிப் பாதை உண்டு.

இப்போது மகன் வீட்டில் மணி அடிக்க வேண்டும். தாயின் காதில் "ட்ரிங்... ட்ரிங்..." என்று கேட்கிறது. இது மகன் வீட்டு மணியா? இல்லை! நிலையமே தாய்க்குத் தனியாகத் தரும் ஒலி அது. மகன் வீட்டுக் கம்பி அறுந்து கிடந்தாலும் அவளுக்கு மணி ஒலி கேட்கும். அங்கே சத்தமே இருக்காது. "எத்தனை முறை கூப்பிட்டேன்! எடுக்கவே இல்லையே!" என்பாள் தாய். "மணியே அடிக்கவில்லை அம்மா" என்பான் மகன். இருவர் சொல்வதும் உண்மைதான். வீண் மனக்கசப்பு மட்டும் மிச்சம்.

மழையில் இரண்டு கம்பிகளும் ஒட்டிக்கொண்டால் வேறு கதை. மின்சாரம் ஓடும். யாரோ ரிசீவரை எடுத்துவிட்டார் என்று நிலையம் நினைக்கும். கூப்பிடுபவருக்கு, "வேறு ஒருவருடன் பேசுகிறார்" என்பதற்கான விட்டு விட்டு வரும் ஒலி கேட்கும். வீட்டில் ஒருவரும் பேசிக்கொண்டிருக்க மாட்டார்!

இன்று செல்போன் வந்துவிட்டது. கம்பித் தொலைபேசி குறைந்துவிட்டது. அது இருக்கிற இடத்தில், புகார் கொடுக்கும்போது "போன் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் போதாது. ரிசீவரை எடுத்தால் ஒலி வருகிறதா, கூப்பிடுபவருக்கு மணி கேட்கிறதா, பேசிக்கொண்டிருப்பதான ஒலி கேட்கிறதா என்றும் சொல்ல வேண்டும். கம்பி அறுந்ததா, ஒட்டிக்கொண்டதா என்று லைன்மேன் புறப்படும் முன்பே ஊகித்துவிடுவார்.