கடலுக்குப் புறப்படுமுன் கரையில் வேண்டிய ஒழுங்கு

(மீனவர் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர் மகாசபையில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்)

  

கடலை அறிந்த உங்களுக்கு மீன்பிடிக்கும் வித்தையைக் கற்பிக்க நான் இங்கு வரவில்லை. காற்றின் குறியும், நீரோட்டத்தின் போக்கும், நீரின் நிறமாற்றத்தால் மீன் கூட்டத்தை அறிவதும் உங்கள் முன்னோர் உங்களுக்கு வைத்துச் சென்ற கல்வி. அதில் நான் மாணாக்கனே. எனக்குத் தெரிந்தது கணக்கு ஒன்றுதான். அந்தக் கணக்கின் வழியாக ஒரே விஷயத்தை உங்கள் முன் வைக்க விரும்புகிறேன். அஃது யாதெனில், வலையையும் கலத்தையும் சாமான்களையும் கரையிலேயே ஒழுங்கு செய்து கொள்வது வெறும் அழகுக்கான காரியமன்று. அதுவே உங்கள் முதலைக் காக்கிறது. கடன் ஏறாமல் தடுக்கிறது. சில வேளைகளில் உயிரையும் காக்கிறது என்பதாம்.

கூட்டுறவுக்கும் மீன்தொழிலுக்கும் உள்ள சம்பந்தம் இன்று நேற்று ஏற்பட்டதன்று. 1890-ம் ஆண்டுகளில் கிராமங்களின் கடன் நிலையை ஆராய்ந்து, கூட்டுறவு நாணயச் சங்கங்கள் ஏற்பட வேண்டுமென்று வற்புறுத்தி அறிக்கை வெளியிட்டவர் ஸர் பிரடெரிக் நிக்கல்ஸன். 1904-ம் ஆண்டில் கூட்டுறவு நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அதே கனவானே பின்னர் சென்னை மாகாணத்தின் மீன்வள இலாகாவுக்கும் அடிகோலினார். உழவனையும் மீனவனையும் ஒரே நோய் வருத்துகிறது என்பதை அவர் வாழ்க்கையே காட்டுகிறது. அந்நோய் கடன்.

மீனவனுக்குக் கடன் எவ்வாறு வருகிறது? பெரும்பாலும் வலை வாங்கும்போதே வருகிறது. வியாபாரியிடம் முன்பணம் பெற்று வலை வாங்கியவன், பிடித்த மீனை அவர் சொன்ன விலைக்கே கொடுக்கக் கட்டுப்படுகிறான். சங்கத்தின் கடன் அந்தக் கட்டை அவிழ்க்கிறது. ஆனால் சங்கக் கடனால் வாங்கிய வலை காலத்துக்கு முன்னே கெட்டுப்போனால் என்ன ஆகும்? தவணை தீருமுன் மறு வலை வேண்டும். சங்கத்தில் மறு கடன் கிடைக்காது. மறுபடியும் அதே வியாபாரியின் வாசலில்தான் நிற்க வேண்டும். ஓர் உதாரணம் எடுத்துக்கொள்வோம். வலையின் விலை 40,000 ரூபாய். அது 4 வருஷம் உழைத்தால் வருஷத்துக்குச் செலவு 10,000 ரூபாய். 2 வருஷத்தில் கெட்டால் வருஷத்துக்கு 20,000 ரூபாய். இவ்விரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடல் எடுத்துக் கொள்ளவில்லை. கரையில் நமது அசட்டையே எடுத்துக் கொண்டது.

வலையின் ஒழுங்கு

நமது பாட்டனார் காலத்தில் வலைகள் பருத்தி நூலாலும் சணல் நூலாலும் ஆனவை. ஈரத்தில் கிடந்தால் அவை அழுகும். ஆதலால் பனிச்சங்காய்ச் சாற்றில் தோய்த்துத் துவர் ஏற்றி, நல்ல வெயிலில் உலர்த்தினார்கள். அக்காலத்துக்கு அது முற்றிலும் சரியான முறையே. நைலான் வலை பரவிய பின்னரோ நிலைமை தலைகீழாயிற்று. நைலான் ஈரத்தில் அழுகுவதில்லை. ஆனால் வெயிலில் கிடந்தால் நூலின் வலிமை நாளுக்கு நாள் குறைகிறது. மெல்லிய இழை வலைக்கு இந்தக் கேடு இன்னும் விரைவில் நேரும். வெண்மணலில் நாள் முழுவதும் விரித்துக் கிடக்கும் வலை பார்வைக்குப் பழுதின்றித் தோன்றும். பெரிய மீன் விழும்போதுதான் அறுந்து காட்டும். ஆதலால் பழைய பழக்கத்தை மாற்றிக்கொள்ள வேண்டும். வலையிலுள்ள செதிள், பாசி, சொறிமீன் துண்டு முதலியவற்றைக் களைந்து, இயன்றால் நல்ல நீரில் அலசி, காற்றோட்டமுள்ள நிழலில் உலர்த்துங்கள். பின்னர் கழியின் மேல் போட்டு மூடி வையுங்கள். தரையில் குவித்தால் எலி கடிக்கும். எண்ணெய் டப்பாவின் அருகில் வைக்கலாகாது.

சிறு கிழிசலை அன்றே முடிந்துவிட வேண்டும். ஒரு கண் அறுந்ததை விட்டால் மறுநாள் ஒரு முழம் போகும். கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கடலுக்குப் போகத் தடை உண்டல்லவா? அந்நாட்களை வலைக்கும் கயிற்றுக்கும் வைத்தியம் செய்யும் நாட்களாகக் கொள்ளுங்கள்.

வலையைப் படகில் ஏற்றுவதிலும் முறை உண்டு. மிதப்புக் கயிறு ஒரு பக்கமும் ஈயக் கயிறு மறு பக்கமும் இருக்கும்படி மடித்துப் போட வேண்டும். முதலில் நீரில் இறங்க வேண்டிய தலைப்பு மேலே இருக்க வேண்டும். இருளில், அலையில், சிக்கெடுக்க நேரமில்லை. தூண்டில் கயிற்றைக் கூடையில் வளையம் வளையமாகச் சுற்றி, முட்களை விளிம்பில் வரிசையாக மாட்டி வைக்க வேண்டும். காலடியில் திறந்து கிடக்கும் ஒரு முள், அன்றைய தொழிலையே நிறுத்திவிடும். மிதப்புகளில் படகின் எண்ணை எழுதுங்கள். அறுந்து போன வலை கிடைத்தவரிடமிருந்து திரும்பி வருவதற்கு அதுவே வழி. வராமற் போனால் அவ்வலை கடலடியில் கிடந்து யாருக்கும் பயனின்றி மீனைக் கொன்று கொண்டேயிருக்கும்.

கலத்தின் ஒழுங்கு

கட்டுமரத்தில் போனவனிடம் ஒரு வலை, ஒரு துடுப்பு, ஒரு குடம் தண்ணீர், அவ்வளவே. இன்றைய பைபர் படகிலோ இயந்திரம், எண்ணெய், ஐஸ் பெட்டி, மின்கலம், பல வகை வலைகள் என்று ஒரு வீட்டுச் சாமான் ஏறுகிறது. சாமான் பெருகும்போது ஒழுங்கும் பெருக வேண்டும்.

கனமானவை அடியிலும் நடுவிலும் இருக்கட்டும். திரும்பும்போது நனைந்த வலையும் மீனும் சேர்ந்து பாரம் மிகும் என்பதை நினைத்து, போகும்போதே இடம் ஒதுக்குங்கள். நங்கூரக் கயிற்றின் மேல் எதையும் வைக்கலாகாது. கத்தியும், நீர் இறைக்கும் பாத்திரமும் கை நீட்டினால் எட்ட வேண்டும். ஸ்பானர், மாற்று உறுப்புகள், வலை ஊசி, நூல், காயத்துக்கு மருந்து ஆகியவை மூடியிட்ட ஒரே பெட்டியில் இருக்கட்டும். டார்ச் விளக்கு, தீப்பெட்டி, படகின் பத்திர நகல், அடையாள அட்டை இவற்றை நீர் புகாத பையில் கட்டுங்கள்.

எண்ணெயைப் பொறுத்தவரை, மூன்றில் ஒரு பங்கு போவதற்கு, ஒரு பங்கு வருவதற்கு, ஒரு பங்கு ஆபத்துக்கு என்று வகுத்துக் கொள்வது நல்ல விதி. குடிநீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 4 லிட்டருக்குக் குறையலாகாது. போகும் நாட்களுக்கு மேல் ஒரு நாளைக்கு அதிகமாகவே கொண்டு செல்லுங்கள். ஐஸைப் பற்றி ஒரு வார்த்தை. நமது வெப்ப நாட்டில் மீன் எவ்வளவோ ஐஸும் அவ்வளவு வேண்டும். அடியில் ஒரு படை, மீனுக்கு மேல் ஒரு படை என்று நொறுக்கிய ஐஸை இட்டு, உருகிய நீர் வடிய வழி விடுங்கள். ஐஸில் மிச்சம் பிடித்தவன் ஏலத்தில் அதைப்போல் பல மடங்கு இழக்கிறான். கரையில் மீனை விற்கும் சகோதரிகளுக்கு இதை நான் சொல்ல வேண்டியதில்லை.

உயிரின் ஒழுங்கு

2017-ம் ஆண்டு நவம்பர் மாதக் கடைசியில் ஒக்கி என்னும் புயல் குமரிக் கடலில் திடீரென்று வலுத்தது. அதற்கு முன்னரே பல நாள் தொழிலுக்காக ஆழ்கடல் சென்றிருந்தவர்களுக்குச் செய்தி எட்டவில்லை. பலர் திரும்பவேயில்லை. அத்துயரத்தோடு மற்றொரு துயரமும் சேர்ந்தது. கடலில் இருந்தவர் எத்தனை பேர், யார் எந்தப் படகில் போனார் என்பதே பல நாட்கள் தெளிவாகவில்லை. தேடுகிறவர்களுக்குத் திசையும் தெரியவில்லை. வீட்டிலுள்ளோருக்கு அழுவதா காத்திருப்பதா என்பதும் தெரியவில்லை.

ஆகையால், உயிர்காப்புச் சட்டையை மூட்டைக்கு அடியில் வைக்காமல் உடம்பில் அணியுங்கள். ஆபத்துச் செய்தி அனுப்பும் கருவியும் வி.எச்.எப். வானொலியும் வேலை செய்கின்றனவா என்று கரையிலேயே சோதியுங்கள். அவ்வானொலியில் 16-ம் அலைவரிசை ஆபத்து அழைப்புக்கு உரியது. தொலைபேசியில் கடலோரக் காவற்படையின் எண் 1554. வீட்டுப் பெண்டிருக்கும் இந்த எண் மனப்பாடமாயிருக்கட்டும். துறைமுகத்தில் புயற்கூண்டு ஏறியிருந்தால், எவ்வளவு கடன் இருந்தாலும் கலம் இறங்கலாகாது.

சங்கம் செய்ய வேண்டுவன

இவையாவும் தனி மனிதனால் முழுதும் ஆகக்கூடியவை அல்ல. அதற்காகவே சங்கம் இருக்கிறது. மூன்று காரியங்களை இன்றைய மகாசபையின் யோசனைக்கு வைக்கிறேன்.

முதலாவது, வலைகளை உலர்த்தவும் வைக்கவும் பொதுவான ஒரு நிழற்கொட்டகை. அங்கத்தினர்கள் உடலுழைப்பைத் தந்தால் செலவு பெரிதன்று.

இரண்டாவது, மாற்று உறுப்புகள், கயிறு, மிதப்பு, மருந்து இவை அடங்கிய பொதுப் பெட்டி. அவசரத்துக்கு எடுத்தவர் கையெழுத்திட்டு, எட்டு நாளில் பொருளையோ விலையையோ திருப்ப வேண்டும்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, ஒரு புறப்பாட்டுப் புத்தகம். படகின் எண், போகிறவர் பெயர்கள், போகும் திசை, திரும்பும் நாள் ஆகிய நான்கு கலங்கள் போதும். எழுதத் தெரிந்த பிள்ளைகள் எத்தனையோ பேர் நம் குப்பத்தில் இருக்கின்றனர். புறப்படும்போது எழுதி, திரும்பியதும் அடித்துவிட வேண்டும். குறித்த நாளில் அடிக்கப்படாத பெயர் இருந்தால், காரியதரிசி அன்றே உரியவர்களுக்கு அறிவிக்க வேண்டும். இதற்கு ஆகும் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் ஒரு பேனாவுமே.

சங்கத்தின் பேரேட்டில் ஒருவர் வாங்கிய கடனை ஒரு ரூபாய் பிசகாமல் எழுதி வைக்கிறோம். கடன் வாங்கிய அந்த மனிதர் எங்கே போயிருக்கிறார் என்பதையும் அதே கவனத்தோடு எழுதி வைப்போமாக. இம்மூன்றையும் தீர்மானமாக நிறைவேற்றி, அடுத்த வாரமே தொடங்க வேண்டுமென்று கேட்டுக்கொள்கிறேன்.