குதிரை ராட்டினத்தின் குரல்



திருவிழாத் திடலில் குதிரை ராட்டினம் சுற்றுவதைக் கண்டு நில்லாத குழந்தை இல்லை. அவ்வாறு நின்றதை மறந்த பெரியவரும் இல்லை எனலாம். சொந்த ஊர்த் தேர்த்திருவிழாவில் கண்ட ராட்டினத்தை, தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் வாழும் நாம் ஆங்காங்குள்ள பொருட்காட்சிகளில் மீண்டும் காண்கிறோம். அங்கெல்லாம் ராட்டினத்துக்கு இசை ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது. ஆனால் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு காலத்தில் ராட்டினத்துக்கென்றே தனியாக ஒரு வாத்தியம் இருந்தது. வாசிப்பார் யாருமின்றித் தானே இசைக்கும் அந்தப் பெருங்கருவிக்குப் பாண்டு ஆர்கன் என்று பெயர். அந்த வாத்தியம் எவ்வாறு பிறந்தது, ஏன் ஊமையாயிற்று, அதற்கு மீண்டும் குரல் கொடுப்போர் யாது செய்கின்றனர் என்பவற்றையே இன்று நாம் சிறிது ஆராய இருக்கிறோம்.

முதலில் அதன் உருவத்தை மனக்கண் முன் நிறுத்திக்கொள்வோம். ஆள் உயரத்துக்கும் மேற்பட்ட மரப்பேழை ஒன்று. அதன் முகப்பிலே பூவேலையும் பொன்வண்ணமும். இருபுறமும் டிரம்மும் ஜாலராவும் இருக்கின்றன. உள்ளே மரக்குழல்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. சில புல்லாங்குழலைப் போலவும் சில வயலினைப் போலவும் ஒலிக்கும். சில வகைகளில் எக்காளம் போன்ற பித்தளைக் குழல்கள் வெளியே தெரியுமாறு அமைந்திருக்கும். இராணுவ பாண்டு ஒன்றை முழுமையாக ஒரு பெட்டிக்குள் அடக்கிவிட வேண்டும் என்பதே இதைச் செய்தவர்களின் நோக்கம். திறந்த வெளியில் பெருங்கூட்டத்தின் இரைச்சலையும் மீறிக் கேட்க வேண்டிய வாத்தியமாதலால், இதன் ஒலி மென்மையை நாடுவதன்று. நம் நாட்டில் நாதசுரம் எத்தகைய வெளிக்காகப் பிறந்ததோ, அத்தகைய வெளிக்காகவே இதுவும் பிறந்தது.

இனி, இது பாடும் விதத்தைக் காண்போம். ஆர்மோனியத்தை அறிந்தவர்களுக்கு இதனை விளக்குவது எளிது. துருத்தி காற்றைத் திரட்டித் தருகிறது. ஆர்மோனியத்தில் வாசிப்பவரின் விரல் கட்டையை அழுத்திக் காற்றுக்கு வழி திறக்கிறது. பாண்டு ஆர்கனில் அந்த விரலின் வேலையைக் காகிதச் சுருள் ஒன்று செய்கிறது. துளைகளிட்ட அந்தச் சுருள், தானும் வரிசையாகத் துளைகளுள்ள ஓர் உலோகப் பட்டையின் மேல் மெல்ல நகர்கிறது. காகிதத்தின் துளை பட்டையின் துளையோடு பொருந்தும் கணத்தில் ஒரு மெல்லிய குழாய் வழியே காற்று ஓடுகிறது. அந்த ஓட்டத்தால் தோலாலான சிறுபை ஒன்று அசைகிறது. அது ஓர் அடைப்பிதழைத் திறக்கிறது. உரிய குழல் ஒலிக்கிறது. துளை கடந்து சென்றதும் இதழ் மூடிக்கொள்கிறது. நீண்ட துளை நீண்ட சுரம். குறுகிய துளை குறுகிய சுரம். டிரம் அடிக்கும் கோலுக்கும் இதே ஏற்பாடுதான். மின்னணு எதுவும் இல்லை. மரமும் தோலும் காகிதமும் காற்றுமே எல்லாம்.

துளையிட்ட அட்டையால் கட்டளையிடும் இந்த முறை நமக்கும் அந்நியமன்று. லியோன் நகரத்து ஜக்கார்டு என்பவர் 1804-ஆம் ஆண்டளவில் நெசவுத் தறிக்கு அமைத்த முறை அது. காஞ்சிபுரத்துப் பட்டுத் தறியின் மேலே ஜக்கார்டு பெட்டியையும், அதில் கோத்துத் தொங்கும் துளை அட்டைகளையும் கண்டவர்கள் நம்மிடையே பலர் இருப்பர். பட்டிலே அன்னத்தையும் மாங்காயையும் எழுப்பும் அதே உத்தி, காற்றிலே இசையை எழுப்புகிறது. பழைய ஆர்கன்களில் ஊசிகள் பதித்த மர உருளையே பாட்டைத் தாங்கி நின்றது. ஓர் உருளையில் சில பாடல்களே அடங்கும். பாரிஸில் ஆர்கன் செய்துவந்த கவியோலி நிறுவனம் 1892-இல், விசிறிபோல் மடியும் துளை அட்டைப் புத்தகத்தால் இசைக்கும் முறைக்கு உரிமை பெற்றது. அதன்பின் புதிய பாட்டு வேண்டுமாயின் புதிய அட்டையே போதும் என்றாயிற்று. ஜெர்மனியின் கருங்காட்டுப் பகுதியிலுள்ள வால்ட்கிர்க் என்னும் சிற்றூரும் இத்தொழிலால் உலகப் புகழ் பெற்றது.

அமெரிக்காவுக்கு இத்தொழில் சென்ற வரலாறு, பிழைப்புத் தேடி ஊர் விட்டு ஊர் சென்ற நமக்குப் பழகிய வரலாறு போன்றதே. நியூயார்க் மாநிலத்தில் நார்த் டோனவாண்டா என்னும் ஊரில் ராட்டினம் செய்து வந்தவர் ஆலன் ஹெர்ஷெல். ராட்டினத்துக்கு வேண்டிய ஆர்கன்களோ கடல் கடந்து வரவேண்டியிருந்தன. யூஜின் டி கிளைஸ்ட் என்னும் ஜெர்மானியர், அவருடைய ஊக்கத்தால் அவ்வூருக்கே வந்து 1893-இல் ஆர்கன் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். பின்னர் 1909-க்குள் அது வுர்லிட்சர் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அட்டைப் புத்தகத்துக்குப் பதிலாகக் காகிதச் சுருளைக் கையாண்ட வுர்லிட்சர் ஆர்கன்கள், அந்நாட்டுப் பூங்காக்களிலும் கண்காட்சிகளிலும் எங்கும் நிறைந்தன.

அந்தச் செல்வாக்கு நீடிக்கவில்லை. ஒலிபெருக்கியும் இசைத்தட்டும் வந்தன. அவை மலிவானவை, இடத்தை அடைக்காதவை, ஆண்டுதோறும் பழுது பார்க்க வேண்டாதவை. பொருளாதார மந்தம் வேறு வந்து சேர்ந்தது. 1930-களின் முடிவோடு வுர்லிட்சர் பாண்டு ஆர்கன் செய்வது நின்றுபோயிற்று. காசு போட்டால் இசைத்தட்டைப் பாடவைக்கும் ஜூக்பாக்ஸ் என்னும் பெட்டியை, நார்த் டோனவாண்டாவிலிருந்த அதே தொழிற்சாலை அதற்கு முன்னரே செய்யத் தொடங்கியிருந்தது. தான் பெற்ற பிள்ளையின் இடத்தில் தானே மற்றொன்றைக் கொண்டுவந்து வைத்ததுபோல் ஆயிற்று. வானொலியில் பேசும் நாம் ஒலிபெருக்கியைக் குறைகூறத் தகுதியுடையோம் அல்லோம். எனினும் நடந்தது இதுவே.

கைவிடப்பட்ட ஆர்கன் ஒன்றின் கதையை இங்கே காண்போம். கொலராடோ மாநிலத்தின் தலைநகரான டென்வரில் எலிச் தோட்டம் என்ற பூங்கா இருந்தது. அங்கே 1905-இல் ஒரு ராட்டினம் அமைந்தது. பிலடெல்பியா டொபாகன் கம்பெனி செய்த ஆறாவது ராட்டினம் அது; 46 மர விலங்குகளும் 4 இரதங்களும் உடையது. அதற்கு இசை கொடுத்தது 1909-இல் வுர்லிட்சர் செய்த பெரிய இராணுவ பாண்டு ஆர்கன். பெரும்பூதம் என்று பொருள்படும் 'மான்ஸ்டர்' என்பதே அதன் வகைப்பெயர். 1928-இல் பூங்காவினர் புதிய ராட்டினம் ஒன்றை வாங்கிக்கொண்டு, பழையதை ஆர்கனோடு சேர்த்து விற்றனர். வாங்கியது, கான்சாஸ் எல்லையை அடுத்த சமவெளியில் கோதுமை விளையும் கிட் கார்சன் மாவட்டம். சுமார் 1,200 டாலர் விலை. உழவர்களின் வரிப்பணத்தை விளையாட்டுப் பொருளில் கொட்டலாமா என்று ஊரார் சினந்தனர். அச்சினத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஏனெனில் சில ஆண்டுகளுக்குள் மழை பொய்த்தது, புழுதிப் புயல் வீசியது, விலைவாசி வீழ்ந்தது. 1931-க்குப் பின் சில ஆண்டுகள் மாவட்டக் கண்காட்சியே நடைபெறவில்லை. ராட்டினக் கொட்டகையில் கால்நடைத் தீவனம் அடுக்கப்பட்டது. தீவனம் உள்ள இடத்தில் எலி வராதிருக்குமா? தோலும் துணியும் காகிதமுமாக அமைந்த ஒரு வாத்தியத்துக்கு எலியைவிடப் பெரிய பகை வேறில்லை.

1937-இல் ராட்டினம் மீண்டும் சுழன்றது. ஆனால் ஆர்கன் முறையாகச் சீரமைக்கப்பெற்றது 1976-இல்தான். மர விலங்குகளைச் செப்பனிடும் பணியும் அக்காலத்தை ஒட்டியே தொடங்கிற்று. அங்கேதான் நாம் கருத்தூன்ற வேண்டிய செய்தி ஒன்று இருக்கிறது. குதிரைகளின் மேல் அழுக்கும் கறுத்த வார்னிஷும் படிந்திருந்தன. அவற்றைப் பொறுமையாக நீக்கியபோது முதன்முதல் பூசிய வண்ணமே அடியில் சிதையாமல் இருக்கக் கண்டனர். ஆகவே குதிரைகளைப் பொறுத்தவரை, புதிதாக எதையும் சேர்க்காமல் இருப்பதே சீரமைப்பு. ஆர்கனுக்கோ இந்நெறி பொருந்தாது. அதன் பழைய தோலையும் இரப்பர்த் துணியையும் அப்படியே வைத்துக் காப்பாற்றினால், நம்மிடம் இருப்பது ஓர் அழகிய அலமாரி, வாத்தியம் அன்று. பாடாத ஆர்கனில் பழமை முழுவதும் இருக்கலாம், ஆர்கன் இராது.

எனவே சீரமைப்போர் முதலில் செய்வது, நிலைப்பது எது, தேய்வது எது என்று பிரித்தறிவதுதான். குழல்கள், பேழை, காற்றறைகள், முகப்பு ஆகியவை நிலைப்பவை. வெடித்த குழலைக்கூட எறிந்துவிடாமல் ஒட்டிச் சேர்த்துக் காப்பர். ஏனெனில் வாத்தியத்தின் குரல் அந்தக் குழலின் வாயில் இருக்கிறது. துருத்தித் துணியும் சிறு தோற்பைகளும் இதழ்களின் தோலும் தேய்பவை. செய்த தச்சரே இவை ஒருநாள் மாற்றப்படும் என்று எண்ணித்தான் அமைத்தார். மாற்றும்போது பழையதன் தடிப்பும் நெகிழ்வும் புதிய தோலுக்கும் இருத்தல் வேண்டும். தோல் சற்றுத் தடித்துவிட்டால் இதழ் சோம்பித் திறக்கும்; விரைவான சுரங்கள் ஒன்றோடொன்று குழம்பும்.

பசையிலும் ஒரு நீதி உண்டு. விலங்குத் தோலைக் காய்ச்சி எடுக்கும் பழைய பசையையே நல்ல கைவினைஞர் விரும்புகின்றனர். அது உறுதியாகப் பிடிக்கும். ஆயினும் வெப்பமும் ஈரமும் பட்டால் விட்டுக்கொடுக்கும். இக்காலத்துப் பசை பல, ஒருமுறை பிடித்தால் மரத்தைப் பிய்த்தாலன்றி விடா. ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் இதே பெட்டியைத் திறக்கப்போகும் ஒருவர், நம்மால் அறியப்படாத ஒருவர், மரத்தை உடைக்காமல் வேலை செய்ய வேண்டுமே என்ற கவலை அந்தப் பழைய பசையில் இருக்கிறது. அவசரக்காரர் செய்த பழுதுபார்ப்பைக் களைவதுதான், எலி செய்த சேதத்தைக் களைவதைவிடக் கடினம் என்பதை இத்தொழிலில் உள்ளோர் அறிவர்.

தோல் மாற்றி, காற்று ஒழுகும் இடங்களை அடைத்து, குழல்களைச் சுருதி சேர்த்த பின்னும் ஒரு குறை எஞ்சும். பாட்டு எங்கே? காகிதச் சுருள்கள் ஓடி ஓடிக் கிழிபவை. பழைய சுருளைப் பார்த்துத் துளைக்குத் துளை புதிய சுருளை வெட்டினால்தான் அக்காலத்துப் பாட்டு அக்காலத்து நடையில் கேட்கும். நார்த் டோனவாண்டாவில் ஹெர்ஷெல் தொழிற்சாலை இருந்த கட்டடம் 1983 முதல் ராட்டின அருங்காட்சியகமாக விளங்குகிறது. சுருள் வெட்டும் பழைய பொறிகளை அங்கே காணலாம். வாத்தியத்தைக் காத்துப் பாட்டை இழப்பது, ஏட்டைக் காத்து எழுத்தை இழப்பது போன்றதன்றோ?

இத்தகைய ஆர்கனைக் கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. அதன் முகத்துக்கு நேரே அருகில் நிற்பவர் டிரம்மின் இடியைத்தான் கேட்பர். சில அடி தள்ளிச் செல்லச் செல்ல, குழல்களின் ஒலிகள் ஒன்றாகக் கலந்து, பாட்டு தெளிவடையும். ராட்டினத்தில் ஏறி அமர்ந்தவருக்கோ வேறோர் அனுபவம். சுற்றுக்கு ஒருமுறை இசை அவரை நெருங்கி வந்து, பின் விலகிப் போகும். வெயில் ஏறினால் குழல்களின் சுருதியும் ஏறும். மாலை குளிர்ந்தால் அது இறங்கும். ஒலிப்பதிவு எந்நாளும் ஒன்றுபோல் ஒலிக்கும். இந்த வாத்தியமோ அன்றைய பொழுதோடு சேர்ந்து ஒலிக்கிறது.

கிட் கார்சன் மாவட்டத்து ராட்டினம் 1987-இல் தேசிய வரலாற்றுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. எந்தப் பொருளை வாங்கியதற்காக ஊர் சினந்ததோ, அந்தப் பொருளே அவ்வூரின் பெயரை வெளியுலகுக்குச் சொல்வதாயிற்று. ஆனால் அந்தப் பெருமையை அறிவிப்புப் பலகை ஒன்று மட்டும் காத்துவிடாது. இயங்காத துருத்தியின் மடிப்பு இறுகி வெடிக்கும். திறவாத இதழ் ஒட்டிக்கொள்ளும். ஆகவே இவ்வாத்தியத்தை அறிந்தோர் கூறும் முதல் அறிவுரை, அதை ஒழுங்காக இசைக்க விடுங்கள் என்பதே. பயன்பாட்டால் அது தேய்கிறது என்பது உண்மை. பயன்பாடின்மையால் அது அழிகிறது என்பது அதனினும் பெரிய உண்மை. தேய்ந்ததை மாற்றலாம். அழிந்ததை என் செய்வது?

வெளியூரில் குடியமர்ந்த நம் வீடுகள் பலவற்றில், பாட்டனார் வாசித்த ஆர்மோனியம் ஒன்று பரண்மேல் துணி சுற்றிக் கிடக்கும். அதனைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற நிறைவும் நமக்கு இருக்கும். வரும் ஞாயிற்றுக்கிழமை அதை இறக்கித் துருத்தியை ஒருமுறை அசைத்துப் பார்ப்போமாக. காற்று ஒழுகும் ஓசை கேட்டால், அதைத் தைக்கத் தெரிந்தவர் அவ்வூரில் எவரேனும் இருப்பார். அவர் இருக்கும்போதே தேடிச் செல்வது நலம்.