இணையமும் முதுசமும்



எங்கள் ஊரில் ஒருவர் கண்மூடினால், எட்டுச் செலவு முடியும்வரை காணி பூமியைப்பற்றி எவரும் வாய்திறப்பதில்லை. அந்தியேட்டியும் கழிந்த பின்னரே பெட்டகத்தைத் திறந்து உறுதிகளை எடுத்துப் பார்ப்பார்கள். முன்னாளில் அவ்வேளையில் நொத்தாரிசையோ, விடயம் தெரிந்த பெரியவர் ஒருவரையோ நாடுவது வழக்கம். இன்றோ, பெட்டகம் திறக்கப்படுமுன்னரே கைத்தொலைபேசி திறக்கப்பட்டுவிடுகிறது. இணையத்தில் கேட்டால் நொடிப்பொழுதில் விடை வருகிறது. அந்த விடை யாருக்குரியது என்பதே இன்று நான் எழுப்ப விரும்பும் கேள்வி.

நான் சட்டம் பயின்றவனல்லன், பாடசாலை அதிபர். ஆயினும் என்னிடம் படித்த பெண்ணொருத்தி சில காலத்துக்கு முன் ஒரு தாளோடு வந்தாள். தன்னைப் பராமரித்த மகளுக்கே வீடும் வளவும் சேரவேண்டுமென்று அவளுடைய தந்தையார் எழுதிவைத்த மரணசாதனம் அது. இணையத்திற் கண்ட மாதிரியொன்றைப் பின்பற்றித் தாமே தட்டச்சுச் செய்து, அயலவர் இருவரைச் சாட்சியாக ஒப்பமிடச் செய்திருந்தார். சட்டத்தரணி அதனைப் படித்துவிட்டுச் செல்லாது என்று கூறிவிட்டார்.

காரணம் எளிது. நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாதனம் நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகளோடு நிறைவேற்றப்படவேண்டும். நொத்தாரிசு இல்லையெனில் ஐந்து சாட்சிகள் வேண்டும். இங்கிலாந்திலும் இந்தியாவிலும் இரண்டு சாட்சிகள் போதும். தந்தையார் பின்பற்றிய மாதிரி பிழையானதன்று; அது வேறொரு நாட்டுக்குரியது. அதன் பயனாக, அந்த வளவு இன்று மூன்று பிள்ளைகளுக்கும் பொதுச் சொத்தாகிவிட்டது. வெளிநாட்டிலுள்ள தமையன்மார் தம் பங்கைக் கேட்கிறார்கள். “சேர், அப்பா எழுதியது பொய்யா?” என்று அவள் கேட்டாள். பொய்யன்று, பிள்ளாய், ஆனால் உண்மை மட்டும் போதாது, அதற்கு முறையும் வேண்டும் என்பதைத் தவிர வேறு விடை எனக்குத் தோன்றவில்லை.

தமிழில் தேடுவோருக்கு இவ்வபாயம் இருமடங்காகும். தமிழில் கிடைக்கும் சட்டக் குறிப்புகளிற் பெரும்பாலானவை தமிழ்நாட்டில் எழுதப்பட்டவை. அவை கூறும் வாரிசுச் சான்றிதழும், 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டமும், 2005ஆம் ஆண்டின் திருத்தமும் அந்நாட்டுக்குப் பொருந்துவன. மொழி ஒன்றாயிருப்பதால் சட்டமும் ஒன்றென்று மயங்கலாகாது.

நம் நாட்டுக்குள்ளேயே சட்டம் ஒன்றல்ல. பொதுச்சட்டமாகிய 1876ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, மரணசாதனமின்றி இறந்தவரின் சொத்திற் பாதி அவர் வாழ்க்கைத் துணைக்குச் சேரும். முஸ்லிம்களுக்கு 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் உண்டு. ஒல்லாந்தர் காலத்தில், 1707இல் தொகுக்கப்பட்ட தேசவழமைக்கு உட்பட்டோருக்கோ முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்ற பாகுபாடு உண்டு. பிள்ளைகள் இருக்கையில் கணவனின் முதுசம் பிள்ளைகளுக்கே செல்லும். தேடியதேட்டத்திலேயே மனைவிக்குப் பங்குண்டு. ஆகவே “மனைவிக்குப் பாதி” என்று ஒரு பக்கத்திற் படித்த விதவையொருத்தி, அதை நம்பி ஒரு காணியை விற்க விலைபேசினால், நேரும் இடரைச் சொல்லவேண்டுவதில்லை.

இனி, ஒருவர் தேசவழமைக்கு உட்பட்டவரா என்பதை முடிவுசெய்வது எங்ஙனம்? யாழ்ப்பாணத்திற் பிறந்து கொழும்பில் நாற்பதாண்டு வாழ்ந்தவர் வடமாகாணவாசியா? அவர் நிரந்தர இல்லம் எது? இவை சட்டநூலை மட்டும் பார்த்து விடைகூறத்தக்க வினாக்களல்ல. ஒரு மனிதரின் வாழ்க்கையை ஆராய்ந்து கூறவேண்டியவை. இணையம் சட்டத்தை அறியும். உங்கள் தகப்பனாரை அறியாது.

பத்தாண்டு ஆட்சியிருந்தால் காணி சொந்தமாகிவிடும் என்பதும் அவ்வாறே எங்கும் சொல்லப்படுவது. ஆயின் உடன்பிறந்தார் ஒருவரின் ஆட்சி பங்காளிகள் அனைவருக்குமான ஆட்சியாகவே கருதப்படும் என்பது 1911ஆம் ஆண்டிலேயே கோமறைக் கழகம் நிலைநாட்டிய விதி. மேலும், போர்க்காலத்தில் உரிமைகோர இயலாதிருந்தோருக்காக 1983 மே 1 முதல் 2009 மே 18 வரையான காலத்தைக் கணக்கிற் சேர்க்காதிருக்க 2016இல் தனிச்சட்டம் இயற்றப்பட்டது. அதற்கு முன் எழுதப்பட்ட குறிப்பில் அஃது இராது. அச்சட்டம் தமக்குப் பயன்படுமா, கால எல்லை யாது என்பவற்றை ஒவ்வொருவரும் சட்டமறிந்தாரிடமே கேட்டறிதல் வேண்டும்.

அப்படியாயின் இணையம் வேண்டாமா? வேண்டும். அகராதி பார்ப்பதுபோல் அதைப் பாருங்கள். சொற்களின் பொருளையும், கேட்கவேண்டிய கேள்விகளையும் அதிற் கற்றுக்கொள்ளலாம். பின்னர் மரணச் சான்றிதழையும் உறுதிகளையும் ஒன்றுசேர்த்து, காணிப் பதிவகத்திற் பதிவேட்டைத் தேடுவித்து, சட்டத்தரணி ஒருவரை நாடுங்கள். பணமில்லையே என்று தயங்குவோருக்கு, 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது.

யாவற்றினும் மேலாக, வீட்டிலுள்ள முதியோருக்கு ஒன்று கூறுவேன். உங்கள் விருப்பம் இன்னதென்று மனத்தில் தெளிந்தால், நொத்தாரிசிடம் செல்லும் ஒரு நாட்பயணத்தைச் சோம்பலால் தள்ளிப்போடாதீர்கள். நீங்கள் போனபின் உங்கள் பிள்ளைகள் ஒரே முற்றத்தில் கூடியிருக்க வேண்டுமாயின், அந்த ஒரு நாள் பெரிய செலவன்று.