நிலைய வாசலில் ஒரு சொல்



பிறர் இட்ட பெயரோடு வாழ்வது எத்தகையது என்பதை லால்குடி மக்களுக்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை. இவ்வூரின் பழம்பெயர் திருத்தவத்துறை. சிவந்த கோபுரத்தைக் கண்ட வடநாட்டுப் படையினர் வாயில் பிறந்ததே லால்குடி என்பர். அப்பெயரை ஊர் தனதாக்கிக்கொண்டது; அதில் இன்று எவருக்கும் மனக்குறை இல்லை. மனிதர்மேல் பிறர் சுமத்தும் பெயர்களோ இவ்வளவு எளிதில் ஆறிவிடுவதில்லை. பால்புதுமையர்க்கும் காவல்துறைக்கும் இடையே நம்பிக்கை வளருமா என்னும் கேள்வியை, தமிழ் படித்தோர் இந்த இடத்திலிருந்து தொடங்குவதே பொருந்தும்.

தொல்காப்பியர் கிளவியாக்கத்தின் தொடக்கத்திலேயே ஆண்மை திரிந்தாரைக் குறிக்கும் பெயருக்கு இடமளிக்கிறார். அவர்க்கெனத் தனி ஈறு இல்லை. உயர்திணை ஈறுகளே அவர்க்கும் உரியன என்பது அவர் விதி. நூற்றாண்டுகள் கழித்து வந்த பவணந்தியார், அவர்களை ஆண்பாலிலும் பெண்பாலிலும் அடக்கியபின், அஃறிணை போலவும் கொள்ளலாம் என ஒரு வாயிலைத் திறந்துவைத்தார். நன்னூலின் பெருமையைக் குறைப்பது இங்கு நோக்கமன்று. ஆயினும் தெருவிலும் காவல்நிலையத்திலும் "அது", "இது" என்று ஒரு மனிதரைச் சுட்டும் வழக்கத்திற்கு இலக்கணமே இசைவு தந்துவிட்டதோ என்ற ஐயம் எழாமல் இல்லை.

இஃது ஏட்டளவில் நின்ற செய்தியன்று. 2006 ஆம் ஆண்டு சென்னையில், திருட்டு வழக்கு விசாரணை என்ற பெயரில் மீண்டும் மீண்டும் அழைக்கப்பட்ட திருநங்கை ஒருவர், காவல்நிலையத்திலேயே தீக்குளித்து, பின்னர் மருத்துவமனையில் உயிர்நீத்தார். மறு ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம் 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கப் பணித்தது. அத்தகைய நினைவைச் சுமந்திருக்கும் ஒருவர், தம் பொருள் களவுபோனாலும் நிலையப் படியேறத் தயங்குவார் என்பதில் வியப்பென்ன? நியூயார்க் நகரில் 1969 ஆம் ஆண்டு ஸ்டோன்வால் விடுதியில் காவலர் நடத்திய சோதனைக்கு, அந்நகரக் காவல் ஆணையர் மன்னிப்புக் கோரியது 2019 இல்தான். ஒரு சொல்லைச் சொல்ல ஐம்பது ஆண்டுகள் ஆயின.

தமிழகத்தில் திருப்பம் மதுரையைச் சேர்ந்த இரு பெண்களால் வந்தது. ஒருவரையொருவர் விரும்பிய அவ்விருவரும் சென்னைக்குப் புறப்பட்டுவிட, இரு வீட்டாரும் தம் பெண்ணைக் காணவில்லை என்று தனித்தனியே முறையிட்டனர். "காணவில்லை" என்ற சொல்லைக் கவிஞர்கள் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். பெற்றோர்க்கு அது துயரம்; நிலையப் பதிவேட்டில் அது ஒரு வழக்கு; தாம் எங்கிருக்கிறோம் என்பதை நன்கறிந்த அப்பெண்களுக்கோ அது துரத்தல். பாதுகாப்புக் கோரி அவர்கள் தொடுத்த வழக்கை விசாரித்த நீதியரசர் என். ஆனந்த் வெங்கடேஷ், இப்பொருளில் தமக்குத் தெளிவு போதாது என வெளிப்படையாகக் கூறி, உளவியலாளர் ஒருவரிடம் அமர்ந்து கற்றார். அறியேன் என ஒரு நீதியரசர் சொல்வது நம் நாட்டில் அரிய காட்சி. 2021 சூன் 7 அன்று அவர் தந்த ஆணை, இத்தகைய முறையீட்டில் தேடப்படுவோர் தம் விருப்பத்தோடு சேர்ந்து வாழும் வயதுவந்தோர் எனத் தெரிந்தால், வாக்குமூலம் பெற்றுக்கொண்டு, துன்புறுத்தாமல் முறையீட்டை முடித்துவிட வேண்டும் என்றது.

அவ்வழக்கின் தொடர்ச்சியாக 2022 இல் காவலர் நடத்தை விதிகளில் 24-சி என்னும் விதி சேர்க்கப்பட்டது. பால்புதுமையரையும் அவர் நலனுக்கு உழைப்போரையும் துன்புறுத்தல் ஆகாது என்பது அதன் சாரம். சட்டப்படி விசாரிக்கும் அதிகாரம் இதனால் குறையாது என்ற விளக்கமும் அதனுடன் உண்டு; ஆகவே கைகள் கட்டப்பட்டுவிட்டன என்று காவலர் முறையிட இடமில்லை. அதே ஆண்டில் அரசு ஒரு சொற்களஞ்சியத்தையும் அரசிதழில் வெளியிட்டது. இழிசொல்லுக்கு மாற்றுச் சொல் வேண்டும் என்று நீதிமன்றம் கேட்க, அரசு தொகுத்துத் தந்தது. தமிழ்த்துறைகளும் இலக்கிய அமைப்புகளும் முன்னரே செய்திருக்க வேண்டிய பணி அது என்பதை இந்த அவையில் மறைப்பதிற் பயனில்லை.

விதி வந்தது; வழக்கம் முழுதும் மாறிவிடவில்லை. 2025 மே மாதம் வேலூர் மாவட்டத்துப் பெண் ஒருவரை வீட்டார் அடைத்துவைத்ததாக, அவர் தோழி ஆட்கொணர்வு மனு தொடுத்தார். அப்பெண் பெற்றோருடன் செல்லுமாறு காவலர் வற்புறுத்தியதை நீதியரசர்கள் ஜி.ஆர். சுவாமிநாதன், வி. லட்சுமிநாராயணன் அமர்வு கடிந்துரைத்து, அவர் விரும்பியவரோடு செல்லலாம் எனத் தீர்ப்பளித்தது. தாமே தேர்ந்த உறவும் குடும்பமே என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இடம்பெற்றது. நான்கு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட ஆணை அந்த நிலையத்தின் மேசைக்கு வந்து சேரவில்லை போலும்!

எனினும் மற்றொரு வரலாறும் உண்டு. சேலத்தைச் சேர்ந்த பிரித்திகா யாஷினி உதவி ஆய்வாளர் பணிக்கு விண்ணப்பித்தபோது, படிவத்தில் ஆண், பெண் என்ற இரு கட்டங்களே இருந்தன. அவர் விண்ணப்பம் தள்ளப்பட்டது. வழக்காடி எழுத்துத் தேர்வுக்கு இசைவு பெற்றார். ஓட்டத்தேர்வில் ஏறத்தாழ ஒரு நொடி பிந்தியபோது மீண்டும் நீதிமன்றம் சென்றார். 2015 நவம்பரில் உயர்நீதிமன்றம் அவர் பணிக்கு உரியவர் என்றது. 2017 இல் தருமபுரி மாவட்டத்தில் அவர் பணியேற்றார். படிவத்தில் தமக்கொரு கட்டம் காணாத அவர், பிறர் எழுதிக் கொணரும் மனுக்களை வாங்கும் நாற்காலியில் அன்று அமர்ந்தார்.