கிராமத்து வைத்தியசாலையும் பொருத்தக் கணிதமும்



வைத்தியப் பட்டம் பெற்றோர் எந்த வைத்தியசாலையிற் பயிற்சி பெறுவது என்னும் வினா, அமெரிக்காவில் ஒருகாலத்தில் வெறும் சந்தைப்போட்டியாகவே நடந்தது. 1940ஆம் ஆண்டுகளில், மாணவன் பட்டம் பெற இரண்டாண்டு இருக்கும்போதே வைத்தியசாலைகள் அவனுக்கு இடம் பேசின. காய் முற்றுமுன் தோட்டத்துக்கு விலை பேசும் வியாபாரியை நாம் அறிவோம், அதே வேலைதான்!

1945இற் கல்லூரிகள் கட்டுப்பாடு விதித்தன. அவசரமோ ஒழியவில்லை, வேறு வழியாற் புகுந்தது. அழைப்புக்கு மறுமொழி கூற அவ்வாண்டிற் பத்து நாள் தவணை இருந்தது. 1949இல், நள்ளிரவில் தந்தி அனுப்பி நண்பகல்வரை பொறுத்திருப்போம் என்றபோது, அந்தப் பன்னிரண்டு மணி நேரமும் அதிகமென்று வைத்தியசாலைகளின் சங்கம் மறுத்துவிட்டது.

இறுதியில் 1952இல் ஒரு பொது ஏற்பாடு வந்தது. மாணவர் தாம் விரும்பும் வைத்தியசாலைகளை வரிசைப்படுத்துவர். வைத்தியசாலைகள் மாணவரை வரிசைப்படுத்தும். நடுநிலையம் ஒன்று இருபக்கத்தையும் பொருத்தும். முதலில் வகுத்த முறை, உயர்ந்த இடத்தைத் துணிந்து கேட்டவனைத் தண்டிப்பதாயிருந்தது. மாணவர் எதிர்த்தனர், முறை திருத்தப்பட்டது.

கலியாணப் பொருத்தத்தை உதாரணமாக்கி, கேல், ஷப்லி என்னும் கணித நிபுணர் இருவர் 1962இல் இத்தகைய முறையொன்றை வெளியிட்டனர். வைத்தியர்கள் பத்தாண்டு முன்னரே அதனைக் கையாண்டு வந்தனர் என்பதை 1984இல் அல்வின் றொத் எடுத்துக்காட்டினார். கிடைத்ததைக் கைவிட்டுத் தமக்குள் கூடிக்கொள்ள விரும்பும் மாணவனும் வைத்தியசாலையும் எஞ்சாத பொருத்தமே நிலையான பொருத்தம். இவ்வாராய்ச்சிக்காக 2012இல் றொத்துக்கும் ஷப்லிக்கும் நோபல் பரிசு கிடைத்தது.

இங்கே அமர்ந்திருக்கும் கமக்காரர் கவனிக்கவேண்டியது வேறொன்று. கிராமத்து வைத்தியசாலைகளில் இடங்கள் காலியாகவே கிடந்தன. முறையை மாற்றினால் நிரம்பாதா என்று கேட்டார்கள். நிரம்பாது என 1986இல் றொத் நிறுவினார். நிலையான பொருத்தம் எதனை எடுத்தாலும், இடம் நிரம்பாத வைத்தியசாலைக்கு அதே மாணவரே வந்து சேர்வர்; ஒருவர் கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. வெற்றிடம் வைத்திருப்பவர், ஏற்கத்தக்க எவரையும் திருப்பி அனுப்புவதில்லை அல்லவா? வர விரும்பியோர் ஏற்கெனவே வந்துவிட்டனர்.

ஆகவே மாறவேண்டியது மாணவன் எழுதும் வரிசை. சம்பளம், வீடு, கற்பிக்கத்தக்க மூத்த வைத்தியர், பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பார்த்தே அவன் அதனை எழுதுகின்றான். இவற்றைச் சீர்செய்வது கணிதரின் வேலையன்று, அரசின் வேலை. அமெரிக்காவிலோ, அந்நாட்டுப் பட்டதாரிகள் நாடாத இடங்களிற் பலவற்றை வெளிநாடுகளிற் கற்ற வைத்தியர் நிரப்பி வருகின்றனர். நம் நாட்டிற் கற்றுச் சென்றோரும் அந்நாட்டு வைத்தியசாலைகளில் உளர்.